தெற்கே போன பாதி

அப்பு,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. காலையில்தான் போனில் பேசினாய். மெஸ் சாம்பாரை அவ்வளவு நேரம் திட்டினாய். அப்படித் திட்டுகிறவன் நன்றாகத்தான் இருப்பான். நம் ஊர்த் தபால் ஆபீஸில் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினேன். கார்டில் வந்ததைப் படித்ததே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வேளைக்குச் சாப்பிடு, வண்டியில் பார்த்துப் போ, கண்டவனோடு சேராதே என்றுதான் எல்லாப் பெற்றவர்களும் எழுதினார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் என் பிள்ளைக்கு ஒரு முழுக் கடிதம் எழுதிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். இதையாவது கடைசி வரை படி.

அடுத்த வாரம் உனக்கென்று ஓர் ஆய்வகம் திறக்கிறார்கள். கதவில் உன் பெயர் இருக்குமாம். உன் அப்பா இதை வடமதுரைச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, இப்போது சாணார்பட்டிப் பக்கம் கிளம்பியிருக்கிறார். மைக் செட் வாடகைக்கு விடுகிற மனிதரிடம் ரகசியம் எங்கே தங்கும்? நானும் ஒன்றும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பால்காரரிடம் சொன்னேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனிடம் சொன்னேன். அவன் "சரிங்கம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் அப்பு, இப்படி வாய்விட்டுச் சொல்லும்படி சந்தோஷமாக இருக்கிறேன்.

நீ பொங்கல் லீவில் வந்து, கால்சட்டையை மடித்துவிட்டுக் குளத்தில் இறங்கி, அடிச்சேற்றைப் பாட்டில் பாட்டிலாக எடுத்தாயே, அந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். கரையில் நின்ற பெருமாள் மாமா, "ஏலே அப்பு, இம்புட்டுப் படிச்சுப்புட்டு கடைசில மண்ணள்ளத்தான் வந்தியாக்கும்?" என்று கேட்டார். நீ, "ஆமா மாமா, நல்ல மண்ணாப் பாத்து அள்ளுறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்றது. உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னை, பெங்களூர் என்று வரிசையாகப் போய்விட்டார்கள். வீடு கட்டிவிட்டார்கள். நீ மட்டும் முழங்கால் சேற்றோடு வாசலில் நின்றுகொண்டு, "ம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டாய். பைப்படிக்குப் போ என்று விரட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம், நீ கையோடு கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாய். ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீர். உள்ளே கடுகைவிடப் பொடியாகப் புள்ளிகள் அலைந்துகொண்டிருந்தன. அப்பாவின் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாய். அவ்வளவுதான், அதுவரை சும்மா திரிந்த புள்ளிகள் சட்டென்று வரிசைகட்டி நீந்த ஆரம்பித்தன. காந்தத்தைத் திருப்பினாய், அவையும் திரும்பின. நான் வாயில் இருந்த முறுக்கைக் கடிக்க மறந்து பார்த்தேன். "அதுக வயித்துக்குள்ள காந்தப் பொடி இருக்கும்மா. இரும்பைத் தண்ணியில இருந்து எடுத்து, அதுகளே செஞ்சுக்கிது. ஒரு தலைமுடி தடிமனுக்குள்ள ஆயிரத்துக்கு மேல அடுக்கலாம், அம்புட்டுச் சின்னது. மணி கோத்த மாதிரி வரிசையா வச்சிருக்கும். உடம்பே ஒரு திசைகாட்டி முள்ளு" என்றாய். காந்தம் அதை இழுப்பதில்லை, திருப்பத்தான் செய்கிறது, நீந்துவது அதுவாகவே வால் சுழற்றி நீந்துகிறது என்றும் சொன்னாய். எட்டி நின்று கேட்ட உன் அப்பா, "அப்ப காந்தம் ஸ்டீயரிங்கு, இஞ்சின் அதுகிட்டயே இருக்குன்னு சொல்லு" என்றார். நீ அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு ஒரு வாரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். புள்ளிகளில் பாதிதான் காந்தத்தை நோக்கி வந்தது. மறுபாதி முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. "இதுல பாதி சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதே, உன்னைய மாதிரி" என்றேன். நீ சிரித்துவிட்டு, அதுவும் பேச்சுக் கேட்டுத்தான் போகிறது, அதற்குத் திசை தெற்கு என்றாய். குளிர்நாடுகளில் பூமியின் காந்தம் சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது. அங்கே வடக்கைப் பிடித்துப் போகிற கிருமி நேரே கீழே சேற்றுக்குப் போய்ச் சேருகிறது. காற்று குறைந்த அந்தச் சேறுதான் அதற்குப் பிடித்த இடம். தெற்கைப் பிடித்தது மேலே வந்து, காற்று அதிகமாகிச் சாகிறது. அதனால் அங்கே கிட்டத்தட்ட எல்லாமே வடக்கு நோக்கிகள். நம் ஊரோ பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். இங்கே காந்தம் சாயாமல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கிறது. வடக்கே போவதும் மேலே ஏறாது, தெற்கே போவதும் மேலே ஏறாது. ரெண்டும் பிழைத்துக் கிடக்கின்றன. இதை நீ சொன்னபோது எனக்கு என்னவோ நம் குளத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

உன் ஆசிரியருக்கு அந்தத் தெற்குக் கூட்டம் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மருந்து சுமக்கிற வேலைக்கு ஒரே திசையில் போகிற கூட்டம்தான் ஆகும், மற்றதை வடிகட்டி எறி என்றாராம். நீ எறிய மாட்டேன் என்று நின்றாய். அப்போது உன்னைப் பிடிவாதக்காரன் என்று திட்டினேன். பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். நல்ல வேளை, நீ என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ ஏன் இந்த வேலையில் விழுந்தாய் என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மார்பில் கட்டி வந்து மதுரைக்கு ஊசி போடப் போய்வந்துகொண்டிருந்தோமே, அந்த வருஷம். சுண்டுவிரல் நுனி அளவுக் கட்டிக்கு உடம்பு முழுக்க மருந்து ஓடியது. தலைமுடி போனது, நகம் கறுத்தது, ரசம்சோறுகூட இரும்பு நக்குகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் நான் வாந்தி எடுத்து முடித்ததும் நீ என் முதுகைத் தடவிக்கொண்டே, "மருந்துக்கு வழி தெரியலம்மா. அதான் எல்லாத்தையும் போட்டு அடிக்குது" என்றாய். எனக்கு அதைக் கேட்கிற தெம்பில்லை. ஆனால் மறக்கவில்லை. எனக்கு முடி திரும்ப முளைத்தது, அதுவும் சுருட்டை முடி. உன் அப்பா இன்னமும் என்னை யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக் கேலி செய்கிறார். எனக்குச் சரியாகிவிட்டது. நீ மட்டும் அந்த வழியைத் தேடிக்கொண்டே இருந்தாய்.

அப்புறம் அந்த போன். உன் முதுகுக்குப் பின்னால் ஊரில் நடந்ததை நீ முழுதாகக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். ஆய்வகத்தில் குளிர் மெஷின் நின்றுபோய், நீ வளர்த்த கிருமியெல்லாம் செத்துவிட்டது என்றாய். அந்த வாரக் கடைசியில்தான் தேர்வுக் குழு உன் வேலையைப் பார்க்க வருகிறது. பிடித்தால் உனக்கென்று ஆய்வகம், இல்லாவிட்டால் வேறு ஒருவன் கீழே வேலை. "ம்மா, நம்ம குளத்து அடிச்சேறு வேணும். வேற எந்த ஊருச் சேறும் வேணாம். வடக்கும் தெற்கும் சேந்து இருக்கணும்" என்றாய். உன் குரல் நடுங்கியது. சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போதுகூட உன் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

நாங்கள் குளத்துக்குப் போனால் அங்கே ஜேசிபி இறங்கியிருக்கிறது. தூர்வாருகிறார்கள். தூர்வாரச் சொல்லி வருஷக்கணக்காக மனு கொடுத்ததே உன் அப்பாதான். முந்தின நாள்தான் மைக் கட்டி, ஊருக்கெல்லாம் நன்றி சொல்லியிருந்தார். மேலே கிடந்த கறுத்த சேற்றை முக்கால்வாசிக் குளத்துக்கு வழித்துத் தோட்டங்களுக்கு லாரியில் ஏற்றியாகிவிட்டது. கிழக்கு மூலையில்தான் கொஞ்சம் தண்ணீர் மிச்சம், வண்டி அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. இஞ்சின் சத்தத்தில் எங்கள் கத்தல் யாருக்குக் கேட்கும்? உன் அப்பா வேனுக்கு ஓடினார். கூம்பு ஸ்பீக்கரை மேலே தூக்கி வைத்து, மைக்கைத் தட்டி, "ஏப்பா ஜேசிபித் தம்பி! செத்த நேரம் நிப்பாட்டுப்பா! அந்த மூலையில எம்மகன் வச்சிருக்கான்!" என்றார். என்ன வைத்திருக்கிறான் என்று சொல்லவில்லை. நகையோ, பிணமோ என்று ஊரே கரைக்கு வந்துவிட்டது.

ஓட்டுகிற தம்பி இறங்கி வந்து, "என்னண்ணே வச்சிருக்காரு?" என்று கேட்டான். உன் அப்பா, "கிருமிப்பா" என்றார். கூட்டம் ரெண்டடி பின்னால் போனது. நான்தான் முன்னால் போய், உடம்புக்கு ஒன்றும் செய்யாத கிருமி, மருந்தைச் சுமந்துகொண்டு போகப் பழக்குகிறான், எனக்கு வந்த நோய்க்கு என்று சொன்னேன். என் சுருட்டை முடியை ஊருக்கே தெரியும். பெருமாள் மாமா வேட்டியை மடித்துக் கட்டி முதல் ஆளாக இறங்கினார். "நல்ல மண்ணு எதும்மா? சொல்லு, அள்ளித் தாரேன்" என்றார். உன்னைக் கேலி செய்த அதே வாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரெண்டு பாட்டில் நிறைந்தது. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நம் பக்கத்தில் குலசாமிக் கோயிலை விட்டு வெகுதூரம் போய்க் குடியேறுகிறவர்கள், அங்கிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய்த்தானே புதுக் கோயில் கட்டுவார்கள். என் பிள்ளைக்காக மண் ஊரைவிட்டுப் போகிறது. வெறும் கையோடு எப்படி அனுப்புவேன்? ஒரு பாட்டிலில் இரண்டு கரண்டி மஞ்சள்தூள் போட்டு, சாமியைக் கும்பிட்டு, மஞ்சள் துணியில் கட்டினேன். மற்றதிலும் போடப்போனேன். உன் அப்பா, "இந்தா, சேத்துக்கு எதுக்குடி மஞ்சளு? கொழம்பா வைக்கப்போற?" என்று பிடுங்கிக்கொண்டார். ரயிலில் கூட்டம் மிதித்துவிடும் என்று தன் சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே பஞ்சு திணித்து, அதில் வைத்து மூடினார். திண்டுக்கல்லில் பகல் ரயில் ஏறியதிலிருந்து உன் ஊர் வரும் வரைக்கும் எங்களுக்குள் சண்டை. சாமிக்குப் போட்ட மஞ்சளைக் குழம்பு என்று சொன்னவர் உருப்படுவாரா என்று நான் கேட்டேன். மடியில் என் பாட்டில், அவர் காலடியில் அவர் பெட்டி.

நீ முதலில் என் பாட்டிலைத்தான் பார்த்தாய். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ம்மா, இதுல என்ன போட்ட?" என்றாய். சொன்னேன். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். "மஞ்சள் கிருமியைக் கொல்லும்னு எனக்கு முட்டி பேந்தப்பல்லாம் பூசிவிட்டது நீதானம்மா!" என்றாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். எல்லாம் செத்துக் கிடந்தன. காந்தத்தைக் காட்டினால் அப்படியே திரும்பின, ஆனால் ஒரு இம்மியும் நகரவில்லை. திசை தெரிந்தது, உயிர் இல்லை. உன் வாழ்க்கையிலேயே மண்ணள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உன் அப்பா, ஒன்றும் நடக்காதது மாதிரி, பெட்டியைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நீ "அப்பா!" என்று கத்தினாய். அந்தக் கத்தலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பாட்டிலின் ஒரு பக்கச் சுவரில் வெள்ளையாக ஒரு பூச்சு, நேர் எதிர்ச் சுவரில் இன்னொரு பூச்சு. ஸ்பீக்கருக்குள் இருந்த பெரிய காந்தம், ரயில் ஓடிய நேரமெல்லாம், வடக்கு நோக்கிகளை ஒரு பக்கமும் தெற்கு நோக்கிகளை மறுபக்கமும் நீந்த வைத்துச் சேர்த்துவிட்டிருந்தது. சேற்றிலிருந்து கிருமியைப் பிரிக்க நீ காந்தம் வைத்துக் காத்திருந்து செய்கிற முதல் வேலை அது. இவருக்கு அது ஒரு மண்ணும் தெரியாது, பாட்டில் உடையக்கூடாது என்று வைத்தார், அவ்வளவுதான். ஆனால் இப்போது அவர் சொல்கிற கதையில் எல்லாம் யோசித்துத்தான் வைத்தாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

குழுவுக்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியும். நாங்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் நடந்தது தெரியாது. நீ எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாய். திரையில் முதலில் உயிரில்லாத பொடி ரோபோவைக் காட்டினாய். மேலே காந்தத் துகள் பூசிய, கண்ணுக்குத் தெரியாத திருகாணி. சுற்றிலும் வைத்த செப்புக் கம்பிச் சுருள்களில் நீ மின்சாரத்தை மாற்ற மாற்ற, காந்தம் சுழன்று, அது துளைத்துக்கொண்டு போனது. உன் அப்பா என் காதில், "காயிலு சுத்துனது ஒழுங்கா இருக்கு" என்றார். அப்புறம் நம் குளத்துக் கூட்டம் வந்தது. ஒவ்வொன்றின் மேலும் மருந்துக்குப் பதிலாகச் சாயம் ஏற்றிய ஒரு சின்ன உருண்டை, வடக்குக் கூட்டத்துக்குச் சிவப்பு, தெற்குக் கூட்டத்துக்கு நீலம். ரத்தக்குழாய் மாதிரி செய்த கண்ணாடிப் பாதையின் நடுவில் அவற்றை விட்டாய்.

நரைத்த கொண்டை போட்ட அம்மா ஒருவர் கேட்டார்: "பாதி எதிர்த் திசையில் போகிறதே, இது உங்கள் முறையில் உள்ள குறை இல்லையா?" உன் அப்பா என் கையைப் பிடித்தார். நாற்பது பேர் முன்னால் பிடித்ததே இல்லை. நீ பதறவில்லை. "எங்கள் ஊர் அப்படிங்க மேடம்" என்று ஆரம்பித்து, காந்த நடுக்கோட்டைச் சொல்லி, பிறகு காந்தத்தை ஒரே ஒரு முறை திருப்பினாய். பாதை ரெண்டாகப் பிரிகிற இடத்தில் வடக்குக் கூட்டம் ஒரு கிளையில் போனது, தெற்குக் கூட்டம் எதிர்க்கிளையில் போனது. இந்த முனையில் சிவப்புச் சாயம், அந்த முனையில் நீலச் சாயம். ஒரே சமயம், ஒரே கட்டளை. ஒரு திசைக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்றாய். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னொரு முறை செய்யுங்கள்" என்றார். செய்தாய். மறுபடி போனது. வடிகட்டி எறியச் சொன்ன உன் ஆசிரியர்தான் முதலில் கைதட்டினார், அதையும் நீ பார்க்கவில்லை. நல்ல மனிதர் அப்பு, அவரை விட்டுவிடாதே. உன் அப்பா ஊர்த் திருவிழா என்று நினைத்து விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனார். நான் தட்டிவிட்டேன். இப்போது நினைத்தால், அடிக்கவிட்டிருக்கலாம்.

புத்தி சொல்லாமல் ஒரு அம்மா கடிதம் முடியாது, கேட்டுக்கொள். இது ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருத்தியின் உடம்பில் ஓட வருஷங்கள் ஆகும், ஓடாமலும் போகலாம் என்று நீயே சொன்னாய். அதை வேலை கேட்டு வருகிறவர்களிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் அப்படியே சொல். நோயாளி வீட்டார் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் வந்து சேருகிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு எல்லாரும் போகிற பக்கம் போகாது. அதுகளைக் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதே. நான் உன்னை ரெண்டொரு வருஷம் அப்படி நினைத்தேன், பைப்படிக்கும் விரட்டினேன். சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், உனக்கே தெரியும், வேளைக்குச் சாப்பிடு.

ஊரில் ஒரு விஷயம். தூர்வாரி முடித்துவிட்டார்கள், ஆனால் கிழக்கு மூலையைத் தொடவில்லை. ஜேசிபித் தம்பியே விட்டுவிட்டுப் போனான். பெருமாள் மாமா அங்கே மாட்டைக் குளிப்பாட்ட வருகிறவர்களை, "அப்பு இடம்யா அது, அங்கிட்டுப் போ" என்று விரட்டுகிறார்.

காலையில் நீ போனில் கேட்டதற்கு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். புது ஆய்வகத்தில் மெஷின் எதுவும் வைப்பதற்கு முன்னால், முதலில் நம் குளத்துச் சேற்றைத்தான் வைக்க வேண்டும், நீயே கொண்டு வாம்மா என்றாய். வாரேன் அப்பு. பிடிமண்ணாகவே கொண்டு வாரேன். உன் அப்பா ஸ்பீக்கர் பெட்டியை இப்போதே துடைத்து வைத்துவிட்டார். உள்ளே ஒரு துளி மஞ்சள்கூடப் படாது, சத்தியம். பாட்டிலுக்கு வெளியே மட்டும் ஒரு பொட்டு வைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா